நைட்ரேட் பூஜ்யம், பாசி வெளிறல்: ஒரு கடற்பாசித் தொட்டியின் 210 நாட்கள்

நான்கு ஆண்டுகள் பவளத் தொட்டி வைத்திருந்த பிறகு, கடற்பாசிக்காகவே ஒரு தொட்டி அமைத்தேன். பவளம் கிடையாது, மீன் பேருக்கு இரண்டு. சிவப்பும் பச்சையுமாகப் பாசிகள் நீரோட்டத்தில் ஆடுவதுதான் காட்சி. நன்னீரில் செடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் அழகு உப்புநீரிலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கினேன். முதல் நாளிலிருந்து குறிப்பேட்டில் அளவுகளை எழுதி வந்ததால் எது எப்போது நடந்தது என்று திருப்பிப் பார்க்க முடிகிறது. இடையில் இரண்டு முறை தொட்டி கையை விட்டுப் போகப் பார்த்தது. முதல் முறை அதற்குக் காரணம், பவளத் தொட்டியில் நான் கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்கள். அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.

தொட்டியும் நீரும்

கண்ணாடித் தொட்டி 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மணலும் பாறையும் பிடிக்கும் இடம் போக உள்ளே இருக்கும் நீர் சுமார் 100 லிட்டர். இந்த எண்ணை ஆரம்பத்திலேயே சரியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உரம் கொடுக்கும்போது எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கும்.

அடியில் 3 செ.மீ. அரகோனைட் மணல். உலர் பாறை 8 கிலோ, பழைய பவளத் தொட்டியிலிருந்து, நல்ல பாக்டீரியா குடியேறிய ஒரு கிலோ உயிர்ப்பாறை. தொங்கும் ஃபில்டர் ஒன்று, கழிவை நுரையாக்கி வெளியே அள்ளும் சிறிய ஸ்கிம்மர் ஒன்று, மணிக்கு 2000 லிட்டர் தள்ளும் அலை மோட்டார் ஒன்று. ஹீட்டர் 25 டிகிரி செல்சியஸில். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல், 35 அளவுள்ள கரைசலை வைத்துச் சரிபார்த்தேன். நாம் அளக்கப்போவது அந்த இடத்தில்தான் என்பதால் கருவி அங்கே சரியாக இருக்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் பழைய தொட்டியிலிருந்து மாறினேன். பவளத்துக்குப் போடும் நீல விளக்கில் சிவப்புப் பாசி கறுத்துத் தெரியும், பச்சைப் பாசி ஏதோ நியான் பலகை போலத் தெரியும். பாசியின் சொந்த நிறத்தைக் காண வெள்ளை ஒளி வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 9 மணி நேரம்.

பாசி என்பது செடி அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அமைப்பில் பாதி இதைச் சார்ந்தது. பாசிக்கு வேர் கிடையாது. அடியில் வேர் போலத் தெரிவது வெறும் பிடிமானம். உணவு முழுவதையும் உடலின் மேற்பரப்பு வழியாக நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் சத்துள்ள மண், மணலுக்கடியில் புதைக்கும் உர மாத்திரை எதுவும் தேவையில்லை. நீரில் இருப்பதுதான் சாப்பாடு. அந்த நீர் பாசியின் மேல் நகர்ந்துகொண்டும் இருக்க வேண்டும். நகராத நீரில் பாசியை ஒட்டியுள்ள மெல்லிய படலத்தில் சத்து தீர்ந்துவிடும், ஒரு விரற்கடை தள்ளி எவ்வளவு இருந்தாலும் பாசிக்கு எட்டாது.

முதல் 50 நாட்கள்

கழிவை மாற்றும் பாக்டீரியா வளர்வதற்காக, அமோனியம் குளோரைடு போட்டு அமோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) ஆக்கி, அது நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகும் வரை காத்திருந்தேன். 24-ஆம் நாள் இரண்டாவது முறை போட்ட 2 பி.பி.எம். ஒரே நாளில் காணாமல் போனது. ஒரு பங்கு அமோனியா முழுதாக மாறினால் சுமார் 3.6 பங்கு நைட்ரேட் கிடைக்கும். நான்கு பி.பி.எம். போட்டதற்கு நைட்ரேட் 15 அருகில் காட்டியது, கணக்கு சரியாக இருந்தது. உலர் பாறையிலிருந்து கசிந்த பாஸ்பேட் 0.10.

இப்போது இன்னொரு தொட்டி அமைத்தால் இவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன். கடற்பாசிக்கு நைட்ரேட்டை விட அமோனியம் பிடிக்கும், அதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபாவைப் போட்டிருக்கலாம். மீனுக்காகக் காத்திருப்பது வேறு, பாசிக்காகக் காத்திருப்பது வேறு.

28-ஆம் நாள் பாசிகள் வந்தன. ஐந்து இனங்கள்: நூலுருண்டை போன்ற கீட்டோமார்ஃபா, மணலில் கொடியோடி ஓலை விடும் காலெர்பா புரோலிஃபெரா, சிவப்புக் கிராசிலேரியா, சிவப்புத் திராட்சைக் கொத்து போன்ற பாட்ரியோகிளாடியா, கூடவே ஒரு ஹாலிமீடா. கிராசிலேரியா, தமிழில் கஞ்சிப்பாசி எனப்படும் பாசியின் இனம். ஹாலிமீடா தன் உடலுக்குள்ளேயே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்ளும் பச்சைப் பாசி, தொட்டால் பொட்டுக்கடலைத் தட்டுகளைக் கோத்தது போலக் கரகரவென்று இருக்கும்.

ஒவ்வொன்றையும் உப்புநீர் நிரம்பிய வாளியில் மூன்று முறை அலசினேன். நன்னீரில் அலசினால் பாசியின் செல்கள் பாதிக்கப்படும். கண்ணாடிக் குமிழ் போன்ற வலோனியாவும், சிறு பழுப்பு அனிமோன்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. இந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல்படக் கூடாது. சிவப்புப் பாசிகளைத் தூண்டில் நரம்பால் சிறு கற்களில் கட்டினேன். பசை வழவழப்பில் நிற்கவில்லை. பாட்ரியோகிளாடியாவுக்குப் பாறையின் நிழல் பக்கம், கிராசிலேரியாவுக்கு நடுவில் நீரோட்டம் நேரே வரும் இடம்.

44-ஆம் நாள் இரண்டு சிறிய கோபி மீன்கள், சில நத்தைகள். டேங், முயல்மீன், கடல்முள்ளி ஆகியவற்றுக்கு இந்தத் தொட்டியில் இடமே இல்லை. அவற்றுக்கு இது விருந்துப் பந்தி.

காலெர்பா வாரத்துக்கு ஐந்தாறு புது ஓலை விட்டது. கீட்டோமார்ஃபா இரட்டிப்பானது. நைட்ரேட் 40-ஆம் நாள் 5, 52-ஆம் நாள் 0. பாஸ்பேட்டும் டெஸ்ட் கிட்டில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. பவளத் தொட்டிக் காலத்தில் இந்த இரண்டு எண்களும் கீழே இருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கலாம். அதனால்தான் 35-ஆம் நாளே ஃபில்டரில் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளையும் போட்டு வைத்திருந்தேன். குறிப்பேட்டில் 52-ஆம் நாளுக்கு எதிரே “அருமை” என்று எழுதியிருக்கிறேன்.

வெளிறல்

58-ஆம் நாள் கிராசிலேரியாவின் நுனிகள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. நன்றாகப் பழுத்த மாதுளை நிறத்தில் இருந்த பாசி அது. இரண்டு நாளில் மேல் பாதி முழுவதும் வெளிறியது. தளதளப்பு குறைந்து, தொட்டால் நுனி ஒடிந்தது. காலெர்பாவின் புது ஓலைகள் பழையவற்றைவிடச் சிறியதாகவும் மஞ்சளாகவும் வந்தன. கீட்டோமார்ஃபா வளர்வதை நிறுத்தியிருந்தது.

வெளிச்சம் அதிகம் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. சிவப்புப் பாசிகள் பொதுவாகக் குறைந்த ஒளியில் வாழக்கூடியவை, ஒளி மிஞ்சினால் நிறம் இழப்பது உண்மை. 60-ஆம் நாள் விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்தேன். ஆறு நாள் கழித்தும் வெளிறல் நிற்கவில்லை, இன்னும் கீழே இறங்கியது.

66-ஆம் நாள் மணலில் பழுப்பு நிறக் கோழை படிந்தது. நூல் நூலாக இழுபட்டது, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு காற்றுக் குமிழ். இரவில் மறையும், மறுநாள் மதியம் திரும்ப வரும். 69-ஆம் நாள் இரண்டு நத்தைகள் செத்துக் கிடந்தன. அப்போதுதான் பயம் வந்தது. 70-ஆம் நாள் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணீர்த் துளி வடிவச் செல்கள், ஒரு முனையை ஊன்றிக்கொண்டு அந்தப் புள்ளியைச் சுற்றியே ஆடின. ஆஸ்ட்ரியோப்சிஸ் வகை டைனோஃபிளாஜெல்லேட்டின் (ஒரு செல் நுண்ணுயிரி, சுருக்கமாக டைனோ) அடையாளம் அது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இதே பேரினம் பெருகியபோது, கடல் காற்றைச் சுவாசித்தவர்களில் சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று சிகிச்சைக்குப் போனார்கள். வீட்டுத் தொட்டியில் இது வந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாயால் குழாயை உறிஞ்சித் தண்ணீர் இறக்குவதை அறவே விட்டுவிடுங்கள். நத்தைகள் செத்ததும் இதன் நஞ்சால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பாட்டில்கள்

கையில் மூன்று சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, ஒளி இன்னும் அதிகமாக இருக்கிறது. இரண்டு, இரும்பு போன்ற நுண்சத்து குறைவு. மூன்று, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தீர்ந்ததால் பட்டினி. மூன்றாவதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. நான்கு ஆண்டுகள் எதைக் குறைக்கப் பாடுபட்டேனோ, அதை இப்போது கையால் அள்ளிப் போட வேண்டும் என்றால் முதலில் நிரூபணம் வேண்டியிருந்தது.

அதனால் 68-ஆம் நாளே ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தேன். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்கள் இரண்டு. இரண்டிலும் தொட்டி நீர், இரண்டிலும் ஒரே செடியிலிருந்து வெட்டிய மூன்று கிராம் வெளிறிய கிராசிலேரியா, இரண்டிலும் மெல்லிய காற்றுக்குழாய். வெப்பநிலை மாறாமலிருக்க இரண்டையும் தொட்டியின் மேல்மட்டத்தில், விளக்குக்கு மிக அருகில் தொங்கவிட்டேன். ஒன்றில் மட்டும் நைட்ரேட்டை 10-க்கும் பாஸ்பேட்டை 0.1-க்கும் உயர்த்தினேன். இரும்பு இரண்டிலும் போடவில்லை.

ஐந்தாம் நாள், சத்துப் போட்ட பாட்டிலில் நுனிகள் மங்கிய இளஞ்சிவப்புக்கு வந்தன. ஆறாம் நாள் கிளை பிரியும் இடங்களில் பழைய சிவப்பே திரும்பியது. மற்றப் பாட்டிலில் வைக்கோல் நிறம் அப்படியே இருந்தது. தொட்டியை விட அதிக வெளிச்சத்தில் வைத்தும் நிறம் திரும்பியதால் ஒளி காரணமில்லை. இரும்பு போடாமலே திரும்பியதால் அதுவும் இல்லை.

காரணம் பாசியின் உடலுக்குள் இருக்கிறது. சிவப்புப் பாசிக்கு நிறம் தருவது ஃபைகோஎரித்ரின். அது ஒளியைப் பிடிக்கும் நிறமி மட்டுமில்லை, நைட்ரஜன் நிறைந்த புரதமும்கூட. நீரில் நைட்ரஜன் தாராளமாக இருக்கும்போது கிராசிலேரியா இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கிறது, நமக்கு அது அடர்சிவப்பாகத் தெரிகிறது. வரத்து நின்றதும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. வைக்கோல் நிறம் என்றால் களஞ்சியம் காலி. இதைப் புரிந்துகொண்ட பிறகு கிராசிலேரியாவின் நிறத்தையே ஒரு டெஸ்ட் கிட் போலப் பார்க்கத் தொடங்கினேன். கிட்டை விட ஒரு வாரம் தாமதமாகச் சொல்லும், ஆனால் பொய் சொல்லாது.

டைனோக்களும் இதே கதையின் இன்னொரு பக்கம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போகும்போது அவற்றோடு போட்டியிடும் சாதாரணப் பாசிகளும் டயட்டம் என்ற நுண்பாசிகளும் பின்வாங்குகின்றன. மணல் காலியாகிறது, காலி இடத்தை டைனோ பிடித்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் என்று நான் பெருமைப்பட்ட அந்தப் பூஜ்யம்தான் அவற்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

வரவும் செலவும்

பவளப் பாறை இருக்கும் கடலில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லாத அளவில்தான் இருக்கிறது, அங்கே பாசி எப்படி வாழ்கிறது என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். கடலில் ஒரு பாசியின் மேல் நாள் முழுவதும் ஓடிப்போகும் நீரின் அளவு சொல்லி முடியாதது. ஒவ்வொரு லிட்டரிலும் துளிதான் இருக்கும், ஆனால் லிட்டர்கள் வந்துகொண்டே இருக்கும். என் பாசிகளுக்கு மொத்தமே அதே 100 லிட்டர், சுற்றிச் சுற்றி. அளவு குறைவாக இருப்பது ஒன்று, வரத்து குறைவாக இருப்பது வேறொன்று. டெஸ்ட் கிட் முதலாவதை மட்டுமே காட்டும்.

சரி, வரத்து எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ச்சி நன்றாக இருந்த வாரங்களில் சுமார் 100 கிராம் பாசி கூடியது. அதைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, 10 கிராம். காய்ந்த பாசியில் நைட்ரஜன் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால் 0.3 கிராம். நைட்ரேட்டாக மாற்றினால் 1.33 கிராம், அதாவது 100 லிட்டரில் 13 பி.பி.எம். வாரத்துக்கு வாரம் இவ்வளவு நைட்ரேட் நீரை விட்டுப் பாசிக்குள் போகிறது.

வரவுப் பக்கம் என்ன இருந்தது? இரண்டு கோபிகளுக்கு நாளுக்கு 0.2 கிராம் உலர் தீவனம், வாரத்துக்கு 1.4 கிராம். தீவனத்தில் புரதம் 45 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். கணக்கு முடிவில் வாரம் 0.1 கிராம் நைட்ரஜன், நைட்ரேட்டாக 4.5 பி.பி.எம். அதுவும் அப்படியே பாசிக்குப் போய்ச் சேர்ந்தால். ஸ்கிம்மர் ஒரு பக்கம் அள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு 8 முதல் 9 பி.பி.எம். பற்றாக்குறை. 28-ஆம் நாள் இருந்த 15 என்ற கையிருப்பு இவ்வளவு நாள் தாங்கியதே, பாசிகள் சிறியவையாக இருந்ததால்தான்.

பாஸ்பேட்டுக்கு விகிதம் வேண்டும். கடல் மிதவையுயிரிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் ஆய்வுகளிலிருந்து எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். 1934-இல் தொடங்கிய ஆய்வு அது. ஆனால் அது மிதவையுயிரிகளுக்கானது. அடித்தளத்தில் வாழும் கடற்பாசி, கடற்புல் போன்றவற்றை அளந்து அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் சொன்னது 550:30:1. கடற்பாசியின் உடலில் பாஸ்பரஸுக்கு எதிரே நைட்ரஜன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அதிகம். நம் டெஸ்ட் கிட் எண்களாக மாற்றினால் நைட்ரேட் 20 பங்குக்குப் பாஸ்பேட் ஒரு பங்கு. நைட்ரேட் 13 போகும்போது பாஸ்பேட் 0.65 போக வேண்டும். தீவனம் பாஸ்பரஸ் விஷயத்தில் தாராளம், வாரம் 0.4 அளவுக்குக் கொண்டு வரும். ஆகப் பாஸ்பேட் பற்றாக்குறை 0.2 தான். பாசித் தொட்டியில் முதலில் தீர்வது நைட்ரஜன் என்பது இதிலிருந்து தெரிகிறது. நானோ பாஸ்பேட்டையும் துகள் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

திருத்தம்

74-ஆம் நாள் ஸ்கிம்மரை அணைத்தேன். இரும்பு ஆக்சைடு துகளை எடுத்தேன். விளக்கு மறுபடி 9 மணி நேரம். ஸ்கிம்மர் காற்றைக் கலந்துகொண்டிருந்ததால் அதற்கு ஈடாக அலை மோட்டாரை மேற்பரப்பு கலங்கும்படி திருப்பினேன். இரவில் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிக்கும்.

முதலில் கையிருப்பு. 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் 100 லிட்டரில் நைட்ரேட்டை 10 உயர்த்தும். அதை இரண்டு நாளில் பிரித்துப் போட்டேன். பாஸ்பேட்டுக்கு 14 மில்லிகிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 0.1 தர வேண்டும். போட்டேன், மறுநாள் அளந்தால் 0.02. மறுபடி போட்டேன், மறுபடி காணோம். சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டைத் தம் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். துகள் போட்டு நீரிலிருந்த பாஸ்பேட்டைக் காலி செய்தபோது பாறையிலிருந்ததும் வெளியே வந்து போயிருந்தது. இப்போது பாறை முதலில் தன் பங்கைக் கேட்டது. எண் 0.08-இல் நிற்க இரண்டு வாரம் ஆனது. இந்த இடத்தில் பதறி ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது.

அப்புறம் தினசரி வரத்து. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், 0.43 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். நாளுக்கு 10 மில்லி. அது நைட்ரேட் 1.2, பாஸ்பேட் 0.03 தருகிறது. வாரக் கணக்கில் மேலே சொன்ன பற்றாக்குறை அடைபடுகிறது. விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுகிறேன். வேறு அளவுத் தொட்டிக்கு விகிதப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் அறுவடை எடையை நிறுத்துப் பார்க்காமல் என் அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

டைனோவுக்குத் தனியாகச் செய்தது இரண்டு. மணல் மேல் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய ஃபில்டர் துணியில் வடிகட்டி, நீரை மட்டும் தொட்டிக்கே திருப்பினேன். ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்க எழும், அதனால் 9 வாட் யு.வி. (புற ஊதா) விளக்கு வழியாக இரவில் நீரைச் செலுத்தினேன், 76 முதல் 92-ஆம் நாள் வரை. மூன்று வாரம் தண்ணீர் மாற்றவில்லை. மணலிலேயே தங்கும் வேறு வகை டைனோவாக இருந்திருந்தால் யு.வி.யால் பெரிய பயன் இருந்திருக்காது. நுண்ணோக்கியில் பார்த்து வகையைத் தெரிந்துகொண்ட பிறகு விளக்கு வாங்குவதே முறை.

84-ஆம் நாள் கிராசிலேரியாவின் புது நுனிகள் அடர்சிவப்பில் வந்தன. 95-ஆம் நாள் செடி முழுவதும். கண்ணாடியில் பச்சைப் படலம் படியத் தொடங்கியது. பவளத் தொட்டியில் எரிச்சலூட்டும் அந்தப் படலத்தை இங்கே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் மணலில் டைனோவின் இடத்தைப் பிடித்தது அதுதான். 100-ஆம் நாள் நுண்ணோக்கியில் ஆடும் செல் ஒன்றும் இல்லை.

பி.ஹெச். பற்றி ஒரு வார்த்தை. வளர்ச்சி வேகம் பிடித்த பிறகு விடியற்காலை 7.9, மாலையில் 8.5. பகலில் பாசி கார்பன் டைஆக்சைடை இழுப்பதால் ஏறுகிறது, இரவில் மூச்சு விடுவதால் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை மருந்து ஊற்றிச் சரிசெய்யப் போகக் கூடாது. பாசி உழைக்கிறது என்பதன் அடையாளம் அது.

பால் போன்ற காலை

131-ஆம் நாள் காலை என் மகள்தான் எழுப்பினாள். “அப்பா, தொட்டித் தண்ணி பால் மாதிரி இருக்குப்பா, மீன் எல்லாம் மேல வந்து நிக்குது.” போய்ப் பார்த்தால் பச்சை கலந்த பால். காலெர்பாவின் ஓலைகள் அத்தனையும் கண்ணாடிக் காகிதம் போல, உள்ளே எதுவும் இல்லாமல் நின்றன.

காலெர்பாவின் அமைப்பு விசித்திரமானது. கொடி, ஓலை, பிடிமானம் என்று ஒரு முழம் நீண்டாலும் அது ஒரே ஒரு செல். உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது, எண்ணற்ற உட்கருக்கள் ஒரே சாற்றில் மிதக்கின்றன. இனப்பெருக்க நேரம் வந்தால் அந்த உடலில் உள்ள அனைத்தையும் பாலணுக்களாக மாற்றி, விடியற்காலையில் ஒரே மூச்சில் நீரில் கொட்டிவிடுகிறது. தாய்க்கு எதுவும் மிஞ்சுவதில்லை, அங்கேயே சாகிறது. முந்தின மாலை ஓலைகளில் மெல்லிய வலை போன்ற வெளிர்கோடுகள் இருந்ததைக் கவனித்திருந்தேன், அதுதான் முன்னறிவிப்பு என்று அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று இரவே வெட்டி எடுத்திருப்பேன்.

உடனே காற்றுக்கல் போட்டேன், ஸ்கிம்மரை மறுபடி ஓடவிட்டேன், ஃபில்டரில் கரி நிரப்பினேன், காலெர்பாவை மிச்சமில்லாமல் அகற்றி, 30 சதவீதம் நீரை மாற்றினேன். மாலைக்குள் நீர் தெளிந்தது. மீன்கள் பிழைத்தன.

அதற்கு முந்தின வாரம் குடும்பத்தோடு ஐந்து நாள் வெளியே போயிருந்தோம். தினசரி உரம் நின்றது. 3 லிட்டர் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் உள்ளேயே இருந்ததால் உப்புத்தன்மை 35-இலிருந்து 36-க்கு ஏறியிருந்தது. அதோடு ஆறு வாரமாகக் காலெர்பாவை வெட்டவே இல்லை. மூன்று நெருக்கடிகளையும் ஒரே வாரத்தில் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆவியாகும் நீரை ஈடுசெய்யத் தானாக ஆர்.ஓ. தண்ணீர் விடும் மிதவைக் கருவி இருக்கிறது, உரத்துக்கு டோசிங் பம்ப்.

காலெர்பாவைத் திரும்ப வைக்கவில்லை. பார்க்க அழகான பாசி, ஆனால் இந்த அளவுத் தொட்டியில் எல்லா உயிரையும் ஒரே காலையில் ஆபத்துக்குள்ளாக்கக்கூடிய ஒன்றை வைத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஹாலிமீடாவுக்கும் இதே வழக்கம் உண்டு. ஒரு செடி மட்டும் என்பதால் விட்டு வைத்திருக்கிறேன், வெளுக்கத் தொடங்கினால் எடுத்துவிடுவேன்.

அகற்றிய பாசியைச் சாக்கடையில் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். காலெர்பாவின் சிறு துண்டு போதும், புதுக் கொடியாகிவிடும். மீன்காட்சியகங்களில் வளர்க்கப்பட்ட காலெர்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கடற்கரையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, பிறகு மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் பெரும் பரப்பை மூடியது. 2000-இல் அதே பாசி கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் தென்பட்டபோது, கித்தான் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது. 2001-இல் அந்த மாநிலத்தில் பல காலெர்பா இனங்களை வைத்திருப்பதையே சட்டவிரோதமாக்கினார்கள். எந்தப் பாசியாக இருந்தாலும் வெட்டியதை உறைபெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்து, செத்த பிறகு குப்பையில் போடுகிறேன்.

இப்போதைய நிலை

காலெர்பா போன இடத்தில் கோடியம் வைத்திருக்கிறேன். விரல் விரலாகக் கிளைக்கும் வெல்வெட் பச்சை, மெதுவாக வளர்கிறது. பாட்ரியோகிளாடியா 170-ஆம் நாள் வரை ஒரே அளவில் நின்றது, பாறைக்கு இன்னும் அடியில் தள்ளி வைத்த பிறகுதான் புதுக் குமிழ்கள் விட்டது. ஹாலிமீடா சுண்ணாம்பை எடுப்பதால் காரத்தன்மை வாரத்துக்குக் கொஞ்சம் இறங்குகிறது, 10 சதவீத நீர் மாற்றம் அதைச் சரிக்கட்டுகிறது. இரும்புச் சத்து வாரம் ஒருமுறை, சிறிதளவு.

ஞாயிறுதோறும் வெட்டி, துணியில் ஒற்றி, எடை பார்க்கிறேன். எடை கூடினால் டோசிங் பம்பில் ஒரு மில்லி கூட்டுகிறேன், குறைந்தால் குறைக்கிறேன். 210-ஆம் நாள் அறுவடை 110 கிராம், அதில் கீட்டோமார்ஃபா 70, கிராசிலேரியா 40. நைட்ரேட் 9, பாஸ்பேட் 0.09. வெட்டிய கிராசிலேரியா அடி முதல் நுனி வரை மாதுளை நிறத்தில் இருந்தது.